சம்பளம் நின்றால் எத்தனை மாதம்?

‘பேக்கேஜ் முப்பது லட்சம்’ என்று சொன்னால் போதும், கல்யாணத் தரகரிலிருந்து கார் ஷோரூம்காரர் வரை எல்லோரும் அந்த ஆளைப் பணக்காரர் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். அவரும் மறுக்க மாட்டார். ஆனால் மாதம் 22, 23 தேதி வாக்கில் அவருடைய கைபேசியை வாங்கிப் பார்த்தால், ‘உங்கள் கார்டு பில்லை எளிய தவணைகளாக மாற்றிக்கொள்ளலாம்’ என்று வந்த குறுஞ்செய்தியை அழிக்காமல் வைத்திருப்பார்.

அதிக வருமானம் இருந்தால் பணக்காரர்தானே என்று கேட்பவர்களிடம் நான் ஒரு கேள்வியைத் திருப்பிக் கேட்பேன். அடுத்த மாதம் சம்பளம் வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது நடக்கும் குடும்பத்தை இதே மாதிரி, புதிதாகக் கடன் வாங்காமல், நகையை அடகு வைக்காமல், ஊரில் அப்பாவிடம் கை நீட்டாமல் எத்தனை மாதம் ஓட்டுவீர்கள்? பெரும்பாலானவர்கள் ‘ஒரு வருஷம் தாங்கும் சார்’ என்பார்கள். தாளை எடுத்து எழுதிப் பார்த்தால் அது பாதிக்கும் கீழே வந்து நிற்கும்.

எழுதிப் பார்ப்போம். சோழிங்கநல்லூர் பக்கம் குடியிருக்கும் 38 வயது மென்பொருள் பொறியாளர் ஒருவர். இவர் தனி ஆள் இல்லை, என் மேஜைக்கு எதிரே வந்து உட்கார்ந்த பலரை ஒன்றாகச் சேர்த்து நான் செய்துகொண்ட ஆள். வட்டி, வரிக் கணக்கு மட்டும் அசல்.

நிறுவனம் கொடுத்த கடிதத்தில் ஆண்டுக்கு 30 லட்சம் என்று இருக்கிறது. மாதத்துக்கு இரண்டரை லட்சம் என்று மனசு வகுத்துக்கொள்ளும். அந்த 30 லட்சத்துக்குள் நிறுவனம் கட்டும் பி.எஃப். பங்கு ஒளிந்திருக்கிறது. அடிப்படைச் சம்பளம் 15 லட்சம் என்றால் அதில் 12 சதவீதம், 1.8 லட்சம். பணிக்கொடைக்கென்று எழுதி வைத்தது சுமார் 72,000. ஐந்து வருடம் அங்கேயே இருந்தால்தான் அது கையில் வரும். ‘வேரியபிள்’ என்று 3 லட்சம், மேலாளர் மனசும் நிறுவனத்தின் லாபமும் ஒத்துழைத்தால் வரும். மிச்சம் இருக்கும் 24.48 லட்சத்தில் அவருடைய பங்கு பி.எஃப். 1.8 லட்சம், 2025-26 புதிய வரிமுறைப்படி வரி ஏறக்குறைய 3.05 லட்சம், தொழில் வரி 2,500. எல்லாம் போக மாதம் 1,63,000 ரூபாய் கையில் வருகிறது. இரண்டரை லட்சம் என்று நினைத்து எடுத்த முடிவுகளை 1.63 லட்சத்தில் நிறைவேற்ற வேண்டியிருக்கிறது.

அந்த முடிவுகள் என்ன? ஐந்து வருடத்துக்கு முன் ஒரு கோடி ரூபாய்க்கு ஃபிளாட். 80 லட்சம் கடன், 20 வருடம், 8.5 சதவீத வட்டி. தவணை 69,400. இரண்டு வருடத்துக்கு முன் கார். 15 லட்சம் கடன், ஐந்து வருடம், 9 சதவீதம், தவணை 31,100. வீட்டில் மரவேலை செய்ததில் மிச்சமிருக்கும் தனிநபர் கடனுக்கு 13,300. ஆக, பல் துலக்குவதற்கு முன்பே 1,13,800 ரூபாய் கணக்கிலிருந்து கிளம்பிவிடுகிறது. பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் வேன் கட்டணமும் மாதத்துக்குப் பிரித்தால் 16,000. அடுக்குமாடிப் பராமரிப்பு 5,000. மளிகை, பால், காஸ், மின்சாரம், பெட்ரோல், வேலைக்கார அம்மா சம்பளம், கைபேசி எல்லாம் சேர்த்து 36,000. மொத்தம் 1,70,800.

வரவு 1,63,000, செலவு 1,70,800. ஊருக்குப் போய்வருவது, மொய், காய்ச்சல் வந்தால் டாக்டர், தீபாவளித் துணி எதுவும் இதில் சேரவில்லை. அதற்கெல்லாம் கிரெடிட் கார்டு இருக்கிறது. வருடத்துக்கொரு முறை வேரியபிள் முழுசாக வந்தால் வரி போக இரண்டு லட்சம் சொச்சம் கிடைக்கும். அது வந்த அன்றே கார்டு பாக்கிக்குப் போய்விடும். எஸ்.ஐ.பி.யை நிறுத்தி ஒரு வருடம் ஆகிறது.

கையிருப்பு என்ன? வங்கியில் 2 லட்சம், மியூச்சுவல் ஃபண்டில் 6 லட்சம். எட்டு லட்சத்தை 1,70,800-ஆல் வகுத்தால் நாலரை மாதத்துக்குச் சற்று மேல் வருகிறது. வேலை போனால் பெட்ரோல் குறையும், வெளியே சாப்பிடுவது குறையும் என்பார்கள். குறையட்டும். ஆனால் செலவில் மூன்றில் இரண்டு பங்கு தவணை. வேலை போய்விட்டது என்பதற்காகத் தவணை ஒரு ரூபாய் குறையாது.

இப்போது இவருடைய அப்பாவைப் பார்ப்போம். மன்னார்குடியில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். 2003 ஏப்ரலுக்கு முன்பே பணியில் சேர்ந்ததால் பழைய ஓய்வூதியத் திட்டம். மாதம் 45,000 வருகிறது. சொந்த வீடு, கடன் இல்லை. தபால் நிலையத்திலும் வங்கியிலுமாக 12 லட்சம் போட்டு வைத்திருக்கிறார். அவருக்கும் அம்மாவுக்கும் மருந்து மாத்திரை உட்பட 28,000-க்கு மேல் செலவில்லை. ‘எத்தனை மாதம்?’ என்ற கேள்வியை அவரிடம் கேட்டால் அவருக்குக் கேள்வியே புரியாது.

மாதம் 45,000 வட்டி வரவேண்டுமானால் 6.5 சதவீத வைப்பில் 83 லட்சம் போட்டு வைத்திருக்க வேண்டும். அந்த 83 லட்சம் அவருடைய எந்தப் பாஸ்புக்கிலும் இல்லை, ஆனால் இருக்கிறது. வைப்பு வட்டி விலைவாசியைப் பார்த்து ஏறாது, ஓய்வூதியத்துக்கு அகவிலைப்படி ஏறும். அவருக்குப் பிறகு அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் உண்டு. தெருவில் ‘வாத்தியார் பையன் பெரிய சம்பளத்துல இருக்கான்’ என்று பேசிக்கொள்கிறார்கள். கணக்குப்படி அந்தக் குடும்பத்தில் வசதியானவர் வாத்தியார்தான்.

இதைப் படித்துவிட்டு, சம்பளம் முக்கியமில்லை, சிக்கனம்தான் முக்கியம் என்று யாராவது பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கப் போனால் நான் பொறுப்பில்லை. மாதம் 18,000 வாங்குகிறவர் எவ்வளவு சிக்கனமாக இருந்தாலும் வாடகையும் அரிசியும் போக மிஞ்சுவது கொஞ்சம்தான். அவரிடம் போய் டீ குடிக்காதே என்று சொல்வது அயோக்கியத்தனம். சொத்து சேர்க்க நல்ல வருமானம் வேண்டும். நான் பேசுவது வருமானம் இருந்தும் சேராதவர்களைப் பற்றி. அவர்கள் ஊதாரிகள் இல்லை. குடிப்பதில்லை, சீட்டாடுவதில்லை. அவர்கள் செய்தது, சம்பளத்தை நம்பி ஒரு கேள்வியும் கேட்காமல் கையெழுத்துப் போட்டது.

கையெழுத்து வாங்குகிறவர் என்ன பார்க்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். வங்கி அதிகாரி மூன்று மாதச் சம்பளச் சீட்டையும் சிபில் மதிப்பெண்ணையும் பார்ப்பார். கையில் வருவதில் பாதி, சில வங்கிகளில் அதற்கும் மேலே, தவணைக்குப் போகலாம் என்று கணக்குப் போட்டு, ‘சார், உங்களுக்கு இன்னும் எலிஜிபிலிட்டி இருக்கு’ என்பார். கேட்பதற்குப் பரிசு கிடைத்த மாதிரி இருக்கும். அதன் பொருள், இன்னும் இவ்வளவு உங்களிடமிருந்து வசூலிக்க முடியும் என்பதுதான். அவர் பொய் சொல்லவில்லை. உங்களால் எவ்வளவு கட்ட முடியும் என்பது அவருடைய கணக்கு. கட்டிய பிறகு உங்களுக்கு என்ன மிஞ்சும் என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும். மாதம் 40,000 வாங்குகிறவருக்கு 80 லட்சம் கடன் கொடுக்க யாரும் வரமாட்டார்கள். அவ்வளவு பெரிய கடனாளி ஆவதற்கே பெரிய சம்பளம் வேண்டும்.

அந்த 80 லட்சக் கடனையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து வருடத்தில் இவர் கட்டிய தவணை 41.6 லட்சம். அசலில் குறைந்தது 9.5 லட்சம். இன்னும் 70.5 லட்சம் பாக்கி. முதல் மாதத் தவணையில் 56,700 வட்டிக்கும் 12,700 அசலுக்கும் போயிருக்கிறது. வங்கியில் யாரும் ஏமாற்றவில்லை, தவணை முறை கடன் எல்லாமே இப்படித்தான். ஒவ்வொரு வருடமும் வங்கி ஒரு வட்டிச் சான்றிதழ் தருகிறது. ஒரு பக்கத் தாள். அசல் இவ்வளவு, வட்டி இவ்வளவு என்று இரண்டு கட்டம் இருக்கும். வரிக்காக அதை அலுவலகத்தில் கொடுக்கிறார்களே தவிர, அந்த இரண்டு கட்டத்தையும் உட்கார்ந்து பார்ப்பவர்கள் குறைவு. இன்னொன்று, ‘வீட்டுக்கடன் இருந்தால் வரி மிச்சம்’ என்ற பழைய சமாதானமும் இப்போது பாதி செத்துவிட்டது. புதிய வரிமுறையில், குடியிருக்கும் சொந்த வீட்டின் கடன் வட்டிக்குக் கழிவு கிடையாது. பழைய முறையிலும் 2 லட்சம் வரைதான். இவர் இந்த வருடம் கட்டும் வட்டியோ 5.9 லட்சம்.

சம்பளம் இதே மாதிரி 58 வரைக்கும் வரும் என்ற நம்பிக்கையில்தான் 20 வருடக் கடன் வாங்கப்படுகிறது. 2025 ஜூலையில் டி.சி.எஸ். தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதம் பேரை, அதாவது 12,000-க்கும் மேற்பட்டவர்களைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. நடுநிலை, மூத்த நிலைப் பதவிகளில் இருப்பவர்கள்தான் அதில் அதிகம். அதாவது, நல்ல சம்பளமும் பெரிய தவணையும் உள்ள வயதுக்காரர்கள். சினிமாக்காரர்களுக்கு இது பழைய கதை. ஜே.பி. சந்திரபாபு உச்சத்தில் இருந்த காலத்தில், கார் நேராக மாடிக்கு ஏறிப்போகும்படி வீடு கட்டினார். ‘மாடி வீட்டு ஏழை’ என்று சொந்தமாகப் படம் எடுக்க ஆரம்பித்து அது நின்றுபோனது. 1974-இல் அவர் இறந்தபோது பழைய வசதி எதுவும் இல்லை. அந்தப் படத் தலைப்பை யாரைப் பார்த்து வைத்தாரோ, இன்று ஓ.எம்.ஆர். முழுக்கப் பொருந்துகிறது.

தாளில் எதை எழுதுவது, எதை விடுவது

வருடத்துக்கு ஒருமுறை ஏப்ரலில் உட்காருங்கள். வங்கிகளின் சான்றிதழ்கள் எல்லாம் அப்போதுதான் கைக்கு வரும். இடது பக்கம் உள்ளவை, வலது பக்கம் கடன்கள். நம் பொறியாளருக்கு எழுதினால்: ஃபிளாட்டை இன்று விற்றால் 1.10 கோடி போகும், கடன் 70.5 லட்சம். கார் விற்றால் 11 லட்சம், கடன் 9.8 லட்சம். பி.எஃப். 24 லட்சம். ஃபண்டும் வங்கியும் 8 லட்சம். தனிநபர் கடன் 4 லட்சம், கார்டில் தவணையாக மாற்றியது 1.2 லட்சம். கூட்டிக் கழித்தால் 67.5 லட்சம் அவருடையது. மோசமில்லை. ஆனால் அதில் 39.5 லட்சம் அவர் தலைக்கு மேலே கான்கிரீட்டாக இருக்கிறது, 24 லட்சம் வயதான காலத்துக்கு. புரட்டக்கூடியது எட்டு லட்சம்தான்.

எழுதும்போது நாலு இடத்தில் மனசு ஏமாற்றும். வீட்டு விலையைத் தரகர் சொல்வதை வைத்து எழுதாதீர்கள். அதே அடுக்குமாடியில் கடைசியாக ஒரு வீடு என்ன விலைக்குப் பத்திரம் ஆனது, கையில் எவ்வளவு கைமாறியது என்று காவலாளிக்குத் தெரியும், கேளுங்கள். ஊரில் இருக்கும் பூர்வீக மனை அண்ணன் தம்பி பாகம் பிரிக்கும்வரை உங்கள் கணக்கில் இல்லை. நகையைத் தனியாக ஒரு வரியில் எழுதுங்கள், கூட்டலில் சேர்க்க வேண்டாம். அது மனைவியுடையது, செய்கூலியும் சேதாரமும் திரும்பி வராது, கல்யாணம் காதுகுத்துக்கு அது தேவைப்படும். மணிபேக் பாலிசியில் ‘காப்பீட்டுத் தொகை’ என்று போட்டிருக்கும் எண்ணையும் எழுதாதீர்கள். இன்று சரண்டர் செய்தால் என்ன தருவார்களோ அதுதான் உங்கள் பணம். பல சமயம் கட்டிய பிரீமியத்தைவிடக் குறைவாக இருக்கும். அந்த அதிர்ச்சி நல்லது.

வலது பக்கத்தில் எல்லோரும் விட்டுவிடும் ஒரு கடன் உண்டு: ஜாமீன் கையெழுத்து. நல்ல சம்பளத்தில் இருக்கும் ஆளைத் தேடித்தான் உறவில் எல்லோரும் வருவார்கள். ‘ஒரு கையெழுத்துதானே மாப்ள, நான் கட்டாம விட்ருவேனா?’ 1872-ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆவது பிரிவுப்படி, வேறு மாதிரி ஒப்பந்தம் எழுதாதவரை, ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமம். மச்சான் கட்டவில்லையென்றால், முதலில் மச்சானைத் துரத்திவிட்டுப் பிறகு வா என்று நீங்கள் வங்கியிடம் சொல்ல முடியாது. உங்கள் சிபிலிலும் அது ஏறும். ஆகவே ஜாமீன் போட்ட தொகையை முழுசாக வலது பக்கம் எழுதிவிட்டு, அதற்குப் பிறகும் கூட்டல் தாங்குகிறதா என்று பாருங்கள். அடுத்த தடவை யாராவது கேட்டால், அந்தத் தொகையில் பத்தில் ஒரு பங்கைத் திரும்பி வராது என்ற மனசோடு கையில் கொடுத்துவிடுவது மலிவு. கோபித்துக்கொள்வார்கள். பரவாயில்லை.

அமெரிக்காவில் தாமஸ் ஸ்டான்லியும் வில்லியம் டான்கோவும் 1996-இல் எழுதிய புத்தகம் ஒன்றில் ஒரு உரைகல் தந்தார்கள். வயதை ஆண்டு வருமானத்தால் பெருக்கிப் பத்தால் வகுத்தால் வருவது, அந்த வயதில் இருக்கவேண்டிய நிகரச் சொத்து. பரம்பரையாக வந்ததைச் சேர்க்கக் கூடாது. நம் ஆளுக்கு 38 × 30 லட்சம் ÷ 10, அதாவது 1.14 கோடி. இருப்பது 67.5 லட்சம். நான் இந்த உரைகல்லை 40 வயதுக்குக் கீழே இருப்பவர்களிடம் அழுத்திச் சொல்வதில்லை. 25 வயதில் 10 லட்சம் வாங்கும் பையனிடம் 25 லட்சம் இருக்கவேண்டும் என்றால் அவன் சிரிப்பான், அதுவும் கல்விக்கடன் கட்டிக்கொண்டிருப்பவன். அந்த எண்ணை விட்டுவிட்டு, போன ஏப்ரலைவிட இந்த ஏப்ரலில் தாளின் கடைசி வரி எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பாருங்கள். வருடத்துக்குக் கையில் வந்த பணத்தில் கால் பங்காவது ஏறவில்லையென்றால், நீங்கள் வேலை செய்வது யாருக்காக என்று யோசிக்க வேண்டும்.

எங்கே கை வைப்பது

காபி, ஸ்விக்கி, ஓ.டி.டி. சந்தா என்று ஆரம்பிக்கும் ஆலோசனைகளை நான் நம்புவதில்லை. 1.63 லட்சம் சம்பளக்காரரை ஏழையாக்குவது 150 ரூபாய் காபி இல்லை. வீடு, கார், பள்ளிக்கூடம் ஆகிய மூன்று முடிவுகள்தான். மூன்றையும் வாழ்க்கையில் ஒன்றிரண்டு தடவைதான் எடுக்கிறோம், எடுத்த பிறகு பத்துப் பதினைந்து வருடம் கட்டிக்கொண்டே இருக்கிறோம். பள்ளிக்கூடம் என்பதும் எல்.கே.ஜி.யில் ஆரம்பிக்கும் 14 வருடத் தவணைதான், வருடா வருடம் ஏறும் தவணை. கடன் பத்திரம் எழுதாததால் யாரும் அதைக் கடனாக நினைப்பதில்லை. மேலே சொன்ன குடும்பத்தில் 15 லட்சக் கடனில் வாங்கிய காருக்குப் பதில் 7 லட்சத்தில் நல்ல பழைய கார் ஒன்றை வாங்கியிருந்தால், மாதாமாதம் விழும் துண்டு மிச்சமாக மாறியிருக்கும்.

காரை வாங்கியாகிவிட்டது, என்ன செய்வது? இன்கிரிமென்ட் வரும் மாதத்துக்காகக் காத்திருங்கள். கையில் 15,000 கூடினால், அந்த முதல் மாதமே 8,000-ஐ எஸ்.ஐ.பி.யாகவோ கடனின் அசலுக்கோ போகும்படி தானியங்கி உத்தரவு கொடுத்துவிடுங்கள். இரண்டாவது மாதத்துக்குள் அந்தப் பணத்துக்குக் குடும்பம் ஒரு செலவு கண்டுபிடித்துவிடும். பழைய சம்பளத்தில் சிக்கனம் பிடிப்பது எல்லோருக்கும் வலிக்கும். புதிதாக வருவதில் பாதியை ஒதுக்கினால் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

கடன்களை அடைக்கும் வரிசையில் குழப்பமே வேண்டாம். முதலில் கார்டு பாக்கி. ‘குறைந்தபட்சத் தொகை’ மட்டும் கட்டிக்கொண்டு போனால் மாதம் 3 சதவீதத்துக்கு மேல் வட்டி விழும், வருடத்துக்கு 36 முதல் 42. கந்துவட்டிக்காரரைத் திட்டுகிறோம், இதைச் சத்தமில்லாமல் கட்டுகிறோம். அடுத்து தனிநபர் கடன், பிறகு கார். வீட்டுக்கடன் கடைசி. மாறும் வட்டியில் தனிநபர் பெயரில் வாங்கிய வீட்டுக்கடனுக்கு முன்கூட்டிக் கட்டினால் அபராதம் கிடையாது. நம் பொறியாளர் இன்றிலிருந்து வருடத்துக்கு ஒரு தவணை கூடுதலாக அசலில் கட்டினாலே மிச்சமிருக்கும் 15 வருடத்தில் இரண்டு வருடம் குறையும். கட்டும்போது ‘தவணையைக் குறைக்க வேண்டாம், காலத்தைக் குறையுங்கள்’ என்று எழுதிக் கொடுங்கள். கூடவே இப்போது கடன் எந்த வருடம் முடிகிறது என்றும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ வட்டி 4 சதவீதத்திலிருந்து 6.5-க்கு ஏறியபோது, பல வங்கிகள் தவணையைத் தொடாமல் காலத்தை நீட்டிவிட்டன. ஓய்வு பெற்ற பிறகும் தவணை ஓடும் என்பது பலருக்கு இன்னும் தெரியாது.

கடனை அடைக்கும் வேகத்தில் கையிருப்பைத் துடைத்துவிடாதீர்கள். தவணை உட்பட ஆறு மாதச் செலவு, நம் ஆளுக்குப் பத்தேகால் லட்சம், வங்கி வைப்பில் இருக்கட்டும். ஏலச்சீட்டில் இல்லை, பங்கில் இல்லை, நண்பரின் வியாபாரத்தில் நிச்சயமாக இல்லை. அலுவலக மருத்துவக் காப்பீடு வேலையோடு போய்விடும். தனியாகக் குடும்பத்துக்கு ஒன்று எடுத்து வையுங்கள், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் வருவதற்கு முன்பே. தவணை ஓடும்வரை டேர்ம் பாலிசியும் வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை என்பதால் தள்ளிப்போட இருந்த ஒரு காரணமும் போய்விட்டது.

ஊருக்கு அனுப்பும் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. குடும்பத்தில் முதல் தலைமுறையாகப் பெரிய சம்பளம் வாங்குகிறவருக்கு அந்தச் சம்பளம் அவருடையது மட்டும் இல்லை. தம்பியின் கல்லூரிக் கட்டணம், ஓட்டு வீட்டை மாடியாக்கியது, தங்கைக்குச் சீர், அக்கா பிள்ளைக்குத் தாய்மாமன் முறை. இதை ‘வீண் செலவு’ என்று ஆலோசகர்கள் சிவப்புக் கோடு போடும்போது எனக்கு எரிச்சலாக வரும். அந்தக் குடும்பம் பட்டினி கிடந்து படிக்க வைத்ததுதான் இவருடைய முதல் மூலதனம், அதற்கு லாபப் பங்கு கொடுக்கிறார். ஆனால் அதற்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். மாதம் பத்தாயிரமோ பதினைந்தாயிரமோ அதற்கென்று தனிக் கணக்கில் போட்டு வந்தால், சீர் வரும்போது அதிலிருந்து எடுக்கலாம். தனிநபர் கடன் வாங்கிச் சீர் செய்தால் ஊரில் நாலு நாள் பேசுவார்கள், வங்கிக்கு நாலு வருடம் கட்ட வேண்டும். ஒரே பிள்ளையாகப் பிறந்து, அப்பாவுக்கு ஓய்வூதியமும் இருப்பவரோடு இவர் தன்னை ஒப்பிட்டுக்கொள்ளவே கூடாது. இருவருக்கும் ஒரே சம்பளச் சீட்டாக இருக்கலாம், ஆனால் கணக்கு வேறு.

கடைசியாக, இப்போது அதிகம் வரும் கேள்வி: ‘ரெண்டு பேரும் சம்பாதிக்கிறோம் சார், ரெண்டு சம்பளத்தையும் காட்டினா பெரிய வீடே கிடைக்கும், வாங்கலாமா?’ இருவரும் ஒரே தொழிலில், சில சமயம் ஒரே நிறுவனத்தில் இருக்கிறார்கள். ஒருவர் வேலைக்கு ஆபத்து வரும் வருடம்தான் மற்றவருக்கும் வரும். பிரசவம், பெற்றோருக்கு உடல்நலமின்மை, வெளியூர் மாற்றல் எதுவானாலும் ஒரு சம்பளம் சில காலம் நிற்பது சாதாரணம். ஆகவே இருவரில் குறைந்த சம்பளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தவணை, பள்ளி, மளிகை மூன்றும் அதற்குள் அடங்குகிறதா என்று ஆறு மாதம் அப்படியே குடும்பம் நடத்திப் பாருங்கள். தவணைக்கு உத்தேசித்த தொகையை மாதாமாதம் தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள், கடன் வாங்கிய மாதிரியே. அடங்கினால் வாங்குங்கள், முன்பணமும் அதற்குள் கொஞ்சம் சேர்ந்திருக்கும். அடங்காவிட்டால் ஒரு கோடி ரூபாய் வீட்டில் மாதம் 25,000, 30,000 வாடகை கொடுத்து இன்னும் இரண்டு வருடம் இருப்பதில் எந்தக் கௌரவக் குறைவும் இல்லை. 69,400 தவணைக்கும் அந்த வாடகைக்கும் உள்ள வித்தியாசம் ஒவ்வொரு மாதமும் ஒழுங்காக ஃபண்டுக்கோ வைப்புக்கோ போகிறதா என்று மட்டும் பாருங்கள். போகாவிட்டால், வாடகையில் இருந்தும் பிரயோஜனமில்லை.